இரத்தக் கழிச்சல்

நாரின்,
மே 14.

அன்புள்ள கணவருக்கு சூராகான் எழுதுவது.

நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். வீட்டிலிருக்கும் ஒரே போன் உங்கள் அண்ணன் கையில் இருப்பதால், ரஷ்யாவுக்கு வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் அண்ணன் என் அப்பாவின் இடது கண்ணை எடுத்துவிட்டார். இதை வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் முழுக்க மழையும் பனியும். அறுபது ஆட்டுக்குட்டிகளையும் எரு அள்ளாத ஈரக் கொட்டிலிலேயே அடைத்து வைத்திருந்தோம். ஒன்றரை மாதக் குட்டிகள். ஒரு நாள் காலையில் பதினொன்று செத்துக் கிடந்தன. பின்னங்காலெல்லாம் ரத்தக் கழிச்சல். மற்றவை முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்றன. உங்கள் அண்ணனுக்கு உடனே என் அப்பாவோடு போட்ட மேய்ச்சல் நிலச் சண்டை ஞாபகம் வந்தது. முந்தின நாள்தான் அப்பா நம் தொட்டியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருந்தார்.

அப்பாவைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்தார். "விஷம் வைக்கலைன்னா நீயே குடி, கிழவா" என்று தலையைத் தொட்டிக்குள் அமுக்கினார். அப்பா குடித்தார். நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "குடிச்சிட்டேன் சம்பந்தி. இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டார். "மாத்து மருந்தை முன்னாடியே முழுங்கிட்டு வந்திருக்கான்" என்று சொல்லி உங்கள் அண்ணன் சாட்டையைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் அடித்தார். மூன்றாவது அடி கண்ணில் விழுந்தது. நான் கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் என் தம்பி எர்னிஸ் வந்து உங்கள் அண்ணனுடைய குதிரையின் பின்னங்கால் நரம்புகளை வெட்டிவிட்டுப் போனான். அது முன்னங்கால்களால் எழுந்து எழுந்து விழுந்தது. உங்கள் அண்ணனே அதன் கழுத்தை அறுத்தார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் சுவரிலிருந்த துப்பாக்கியை எடுத்தார்.

மறுநாள் காலை அவர் எர்னிஸைத் தேடிக் கிளம்புவதற்குள் மாட்டு டாக்டரம்மா குல்சாத் வந்துவிட்டார். நான்தான் ஆள் அனுப்பியிருந்தேன். செத்த குட்டி ஒன்றின் வயிற்றைத் திறந்தார். குடல் தடித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி, ஜீப்பிலிருந்த நுண்ணோக்கியில் பார்த்தார்.

"விஷமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குடல்ல ஒட்டுண்ணி. ஈர எருவிலேர்ந்து மடியில ஒட்டி, பால் குடிக்கிறப்ப உள்ளே போயிருக்கு. பெரிய ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. எத்தனை நாளா ரத்தம் போகுது?"

"நேத்துத்தான்" என்றார் உங்கள் அண்ணன்.

"நாலு நாளா" என்றேன் நான்.

ஆமாம், முதலில் பார்த்தவள் நான்தான். வாலில் ரத்தம் கண்ட குட்டிகளைக் கழுவி, தரையில் விழுந்த ரத்தத்தை வைக்கோல் போட்டு மூடினேன். போன வருஷம் ஒரு குட்டி செத்தபோது என் கை உடைந்தது நினைவிருக்கிறதா? படியில் விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். நம் வீட்டுப் படி அவ்வளவு உயரம் இல்லை.

துப்பாக்கிக் கட்டை என் தோளில் இறங்கியது. அடுத்த அடிக்கு முன் குல்சாத் குட்டியை அறுத்த கத்தியோடு நடுவில் வந்து நின்றார். "இன்னொரு அடி விழுந்தா உன் குடலையும் திறந்து பார்த்துடுவேன்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. என்னையும் மகளையும் ஜீப்பில் ஏற்றி அப்பா வீட்டில் இறக்கிவிட்டார்.

அப்பாவிடம் நான் ரத்தத்தை மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "எர்னிஸ் காதுல இது விழவேண்டாம்" என்றார். கண் கட்டை அவிழ்த்து மருந்து போட என்னைத்தான் கூப்பிடுகிறார்.

இருபத்து மூன்று குட்டிகள் போய்விட்டன. மிச்சத்துக்கு மருந்து கொடுத்து, கொட்டில் எருவையும் உங்கள் அண்ணனே அள்ளுகிறாராம். ஒரு செம்மறியை இங்கே அனுப்பினார். மன்னிப்பு என்ற வார்த்தையை அனுப்பவில்லை. எர்னிஸ் அதைத் துரத்திவிட்டு, அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆடுகளை மலைக்கு ஓட்டுவதற்குள் வந்துவிடுங்கள். ஆண்டவன் உங்கள் வழியைக் காக்கட்டும். ஊருக்குள் வந்ததும் முதலில் எந்த வீட்டு வாசலில் இறங்குவீர்கள் என்பதை மட்டும் இந்த லாரிக்காரரிடமே சொல்லியனுப்புங்கள்.

உங்கள்,
சூராகான்.