லாரி வந்த வழியில் பஸ்

அக்கா,

ஏரிக்கரைக் குடிசைக்காரர்கள் துணைக்குக் கூப்பிட்டார்கள் என்று, சூளகிரிக்கு அப்பால் அவர்களுக்காகக் கட்டியிருக்கும் புது வீடுகளைப் பார்க்க நேற்றுப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த நம் குடிசைகளைப் பிரித்து, நம்மை லாரியில் ஏற்றி, பாகலூர் ரோட்டுக் காலனியில் இறக்கிய அன்றும் இதே வாசனைதான். நாங்களெல்லாம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ மட்டும் வாசலிலேயே நின்று, "வூடு நல்லாத்தான் இருக்குது. வேலைக்கு எப்படிப் போறது?" என்றாய்.

கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். எனக்குத் தொழிற்பேட்டையில் வேலை, உனக்கு லாட்ஜில் துணி வெளுக்கும் வேலை. டவுன் பஸ்ஸோ மெயின் ரோட்டுத் திருப்பத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து காலனிவரை சேற்றில் நடை. நேரத்துக்குப் போக முடியாமல் பெண்கள் வேலையை இழந்தார்கள். எதிர்வீட்டுச் சாந்தா பிரசவ வலியோடு நடந்து, திருப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் வழியிலேயே பெற்றாள். குழந்தை தங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மாலை. பஸ் திருப்பத்தில் நின்றது. நீ எழுந்திருக்கவில்லை. உன்னைப் பார்த்து நாங்களும் எழவில்லை.

"ஏம்மா, கடைசி ஸ்டாப்பிங். எறங்குங்க," என்றார் கண்டக்டர்.

"எங்க வூடு இன்னும் வரலியே."

"அங்க ரோடே இல்ல. வண்டி போவாது."

"எங்கள லாரில கொண்டாந்து கொட்டினப்ப மட்டும் ரோடு இருந்துச்சா? லாரி வந்த எடத்துக்கு பஸ் வராதா?"

டிரைவர் தெலுங்குக்காரர். அவர் திரும்பிப் பார்த்ததும், இறங்கமாட்டோம் என்பதை அவர் பாஷையிலும் சொன்னாய்: "திகமு!" போலீஸைக் கூப்பிடுவேன் என்று கண்டக்டர் கத்தினார்.

"கூப்புடு. சாந்தா பெத்த எடத்த அவங்களுக்கும் காட்டறேன்."

டிரைவர் கியரைப் போட்டார். வண்டியைக் காலனிப் பக்கம் திருப்பினார்.

அன்றோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் வேறு டிரைவர். போலீஸும் வந்தது. நம்மை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள்; உனக்கு லாட்ஜ் வேலை போனது. வெளியே விட்டதும் நீ நேரே போய் அதே பஸ்ஸில் ஏறினாய். உன் பின்னாலேயே நாங்களும். மழைக்காலம் முடியுமுன் பஸ் காலனிக்குள் வரத் தொடங்கியது. யாரும் இரங்கிக் கொடுத்ததில்லை அது. நாம் வரவைத்தது. உன் சாவுக்கு வந்த சனமெல்லாம் அந்த பஸ்ஸில்தான் வந்திறங்கியது.

நேற்று வீடுகளைக் காட்டிய அதிகாரியிடம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். "ஓசி வீடு குடுத்தா பஸ்ஸும் வேணுமா?" என்று சிரித்தார்.

"ஓசி இல்ல சார். ஊருக்கு நடுவுல இருந்த எடத்தக் குடுத்துட்டுத்தான் இத வாங்கறாங்க. மொதல்ல பஸ் வரட்டும், அப்புறம் அவங்க வருவாங்க."

அவர் ஏரிக்கரைக்காரர்கள் பக்கம் திரும்பிச் சாவிகளை நீட்டினார். ஒருவரும் கை நீட்டவில்லை. உன் கோபம் என்னிடம் ஆறாமல்தான் இருக்கிறது, அக்கா.