நீங்கள் அழித்த கல்யாணப் படங்கள்

நான் கிண்டல் செய்தால் மட்டும் கோபித்துக்கொள்ளாத என் மச்சானுக்கு,

உங்கள் கிராணிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்துவிட்டோம். என் மண்டோருக்கும் சேர்த்துத்தான். புக்கிட் செந்தோசாவில் உங்கள் வீட்டில் ஒரு சர்வர், கோலா சிலாங்கூரில் என் வீட்டில் ஒரு சர்வர் என்று வாங்கி வைத்து, எஸ்டேட்டில் வளர்ந்த பாவத்துக்கு அங்கே கணக்கெழுதுகிற கிராணி, வேலை வாங்குகிற மண்டோர் என்று பெயர் சூட்டியது நீங்கள்தான். குடும்பப் படங்களையெல்லாம் கணக்காகச் சேர்த்து வைப்பது உங்கள் கிராணியாம். அதைத் தினமும் மேற்பார்வை பார்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வது என் மண்டோராம். எனக்கு மட்டும் ஏன் மண்டோர் என்று கேட்டதற்கு, “ஒன் மூஞ்சிக்கு அதான்டா பொருந்தும் மச்சான்” என்றீர்களே.

நீங்கள் போன பிறகு கிராணிக்கும் உடம்பு சரியில்லை. உள்ளே ஒரு டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. “ரெண்டு பெட்டியில உள்ளதையும் ஒண்ணாக்கி ஒரே பெட்டியில போட்டுக் குடுத்துரு தம்பி. அவரு சேத்து வச்சதுல ஒண்ணுகூடப் போகக்கூடாது” என்றாள். புதிதாக ஒரு சர்வர் வாங்கினேன். என் மண்டோரைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, செந்தோசாவுக்கு ஓட்டிப் போனேன். பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

புதுப் பெட்டிக்கு ஒரு குணம். பழைய டிஸ்க்கை உள்ளே விட்டால், முதலில் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் சேர்த்துக்கொள்ளும். அதனால் முதலில் புது டிஸ்க்குகளைப் போட்டு, இரண்டு வீட்டுப் படங்களையும் அதில் இறக்கி, சரிபார்த்த பிறகே பழையதைக் கொடுக்க வேண்டும். அப்போது விட்டுப்போனது போனதுதான்.

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒப்பிட்டேன். ஒரே ஒரு ஃபோல்டர் என்னிடம் இருந்தது, உங்களிடம் இல்லை. தர்ஷினியின் கல்யாணம்.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மகள் அந்த வாழ்க்கை போதுமென்று பெட்டியோடு திரும்பி வந்த வாரம் அது. டிவி சும்மா இருக்கும்போது சர்வரில் உள்ள படங்கள் ஒவ்வொன்றாக வரும்படி வைத்திருந்தீர்கள். பிள்ளை சோற்றில் கை வைத்திருந்த நேரம், அவள் மாலையும் கழுத்துமாக நிற்கிற படம் வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் எழுந்து போனீர்கள். அந்தக் கல்யாணத்தையே அழித்துவிட்டு வந்து, “ரசம் ஊத்தட்டுமாம்மா?” என்று கேட்டீர்கள்.

உங்கள் பக்கம் அழித்தால் என் பக்கம் அழியாதபடி செட்டிங் செய்ததும் நீங்கள்தானே. அன்றைக்கு அதை மறந்துவிட்டீர்களா, மச்சான்? இல்லை, தெரிந்தேதான் விட்டு வைத்தீர்களா? மண்டோர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அது எதுக்குத் தம்பி? இப்பத்தான் புள்ள கொஞ்சம் சிரிச்சிப் பேசுது. விட்டுரு லா.”

ஒன்றுகூடப் போகக்கூடாது என்று சொன்ன அதே வாய். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்பன் அழித்ததைத் தாய்மாமன் கொண்டுவந்து நடுவீட்டில் வைக்கலாமா?

மீ கோரெங் வாங்கப் போயிருந்த தர்ஷினி பொட்டலங்களோடு பின்னால் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

“ஓப்பன் பண்ணுங்க மாமா.”

“வேணாம்மா.”

“பண்ணுங்க மாமா, ப்ளீஸ்.”

அவளே மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். தாலி கட்டும் படம், மாலை மாற்றும் படம் எல்லாவற்றையும் விறுவிறுவென்று தள்ளினாள். ஒரு படத்தில் நின்றாள். நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறீர்கள். ஒரு கை மகள் தலையில், இன்னொரு கை மாப்பிள்ளை தோளில்.

“வீட்ல உள்ள எல்லா ஃபோல்டரையும் தேடிட்டேன் மாமா. எல்லாத்துக்கும் கேமராவப் புடிச்சது அப்பாதான். ஒண்ணுலகூட அவரு இல்ல” என்றாள்.

உண்மைதான். யாராவது கைப்பேசியை நீட்டினால்கூட முகத்தை மறைத்துக்கொள்கிற ஆள் நீங்கள். உங்கள் கருமாதிக்கு ஐசி அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம், போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு வந்தவர்போல முறைக்கிறீர்கள் அதில். மகள் கல்யாணத்தன்று மட்டும்தான் வேறொருவர் கேமராவைப் பிடித்தார். அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் அழித்தீர்கள்.

நான் மெதுவாகக் கேட்டேன். “மாப்பிள்ளைய மட்டும் வெட்டி எடுத்துரட்டுமாம்மா?”

“வெட்டாதீங்க மாமா. அப்பா கை அவரு தோள்ல இருக்கு. அவர வெட்டுனா அப்பா கையும் போயிரும்.”

நான் அழுதுவிட்டேன், மச்சான். உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? அக்கா போய்த் தட்டுகளை எடுத்து வந்தாள். முழுக் கல்யாணத்தையும் புதுப் பெட்டியில் ஏற்றிய பிறகுதான் பழைய டிஸ்க்குகளைத் துடைக்கக் கொடுத்தேன்.

நேற்று மதியம் மறுபடி போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் அதே படம் வந்தது. அக்கா சட்டென்று மகளைப் பார்த்தாள். தர்ஷினி படத்தைப் பார்த்தாள், அது மாறும்வரை பார்த்தாள். பிறகு, “ரசம் ஊத்துங்கம்மா” என்று தட்டை நகர்த்தினாள்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் மண்டோரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறேன், உள்ளே ஒரு புது டிஸ்க் போட்டு. அதே செட்டிங்தான். செந்தோசாவில் யார் எந்த வேதனையில் எதை அழித்தாலும் கோலா சிலாங்கூரில் அது இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். இப்போது உங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவது தர்ஷினி. அவள் யாரைப் படமெடுத்தாலும், அவளை நான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதியின் தம்பி, உங்கள் மகளின் தாய்மாமன்,
அதே மண்டோர் மூஞ்சி மச்சான்