முந்தாத கார்

செட்டிபாளையம்
11.02.2024

மதிப்புக்குரிய உதயரூபன் அண்ணனுக்கு,

நான் நிலோஜன். யசோதினியைக் கலியாணம் முடித்து இரண்டு வருடமாகிறது. உங்கள் பிள்ளைகள் நிதுர்ஷனும் தக்ஷாயினியும் என்னுடன்தான் இருக்கிறார்கள். இந்த விலாசத்தை விவாகரத்துப் பத்திரத்திலிருந்து எடுத்தேன். பயப்பட வேண்டாம், சண்டைக்கு எழுதவில்லை. எனக்கு ஒரு உதவி வேண்டும்.

பிள்ளைகள் இரண்டுக்கும் கார்ப் பைத்தியம். அதுவும் ஊரில் ஓடுகிற கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் கார். நீங்கள் விட்டுப்போன கார்ப் புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டியில் கிடந்தன. யசோதினி அவற்றை அடுப்பில் வைக்கப் பார்த்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். மகன் அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தங்கச்சிக்கும் படிப்பித்துவிட்டான். நாலு வயதுப் பிள்ளை, அ, ஆ இன்னும் முழுக்க வராது. ஆனால் முன் லைற்றை மட்டும் பார்த்து லம்போகினியா பெராரியா என்று சொல்லிவிடுவாள். சோற்றுக் கோப்பையைக்கூட நாலு சுற்று ஓட்டிய பிறகுதான் சாப்பிடுகிறாள்.

நான் கடலுக்குப் போகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மோட்டார் சைக்கிளும் என் போட்டும்தான். "சித்தப்பா, இந்தக் கார் ஏன் நிலத்தோட படுத்துக் கிடக்கு?" என்று மகன் கேட்டான். "களைச்சிப் போயிருக்கும் மனே" என்றேன். "ஏன் ரெண்டு கதவுதான் இரிக்கி?" என்றான். "மத்த ரெண்டுக்கும் தகரம் போதாமப் போயிருக்கும்" என்றேன். சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை அண்ணன். இவனிடம் கேட்டுப் பயனில்லை என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை முடிவெடுத்துவிட்டால், அந்த வீட்டில் நான் எதற்கு?

போனில் பேச யசோதினி விடமாட்டாள். உங்கள் குரல் இந்த வீட்டுக்குள் கேட்கக்கூடாதாம். கடிதமென்றால் பரவாயில்லை, ஆனால் தான் வாசித்த பிறகுதான் தருவாளாம். ஆகவே பார்த்து எழுதுங்கள். மகன் கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறான், இத்துடன் வைக்கிறேன். எனக்கு விளங்குகிற மாதிரிப் பதில் எழுதினால் பெரிய உபகாரம். நீங்கள் சொன்னதாகவே அவர்களிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
நன்றியை முன்கூட்டியே சொல்லிக்கொள்ளும்
நிலோஜன்


ஸ்ருட்காட், ஜேர்மனி
03.03.2024

திரு. நிலோஜன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. என் பிள்ளைகளைப் பற்றி இவர் எனக்குச் சொல்வதா என்று மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். பிறகு நிதுர்ஷனின் கையெழுத்தைப் பார்ப்பதற்காக மட்டும் எடுத்தேன். அவன் எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டான் என்பதே எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணில் அவனுக்கு இன்னும் நாலு வயதுதான்.

நான் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னவள் பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த கையோடு இங்கே வந்தேன். வந்த இடத்தில் இன்னொருத்தியோடு வாழப் போனேன். அதுவும் நிலைக்கவில்லை. இப்போது ஒரு கார் ரயர்க் கடையில் வேலை, ஒற்றை அறை. யசோதினி இதை வாசிப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கட்டும். இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் ஒளிந்திருந்தவன் நான்.

இனிக் கேள்விகளுக்கு வருகிறேன். கார் ஏன் தாழ்வாக இருக்கிறது? வேகமாகப் போகும்போது உங்கள் போட்டின் முன்பக்கம் தூக்கும் அல்லவா? காருக்கும் அடியில் காற்றுப் புகுந்தால் அது தூக்கப் பார்க்கும். அந்தக் காற்றுக்கு இடம் கொடாமல் தாழ்த்திக் கட்டுகிறார்கள். பாரமும் கீழே இருப்பதால் வளைவில் பிரளாது. கதவு ஏன் இரண்டு? ஆட்களை ஏற்றி இறக்கச் செய்த கார் அல்ல அது, ஓட்டுகிறவனின் சந்தோசத்துக்குச் செய்தது. சில கார்களுக்கு எஞ்சின் பின்னால் இருக்கும். அந்தப் பாரம் பின்பக்கச் சில்லுகளை அழுத்தினால் சில்லு சுழன்று வழுக்காமல் நிலத்தைப் பிடிக்கும். மிச்சத்தைத் தனித்தாளில் படம் கீறி வைத்திருக்கிறேன்.

தகரம் போதாமல் போன பதிலை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். இந்த அறையில் நான் சத்தம்போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நன்றி.

உதயரூபன்


செட்டிபாளையம்
31.03.2024

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் பெரிய ஆள். எஞ்சின் பின்னால் என்று வாசித்ததும் எனக்கே பிடிபட்டுவிட்டது. என் போட்டிலும் எஞ்சின் பின்னால்தானே! இரண்டு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கரையில் ஏற்றிவைத்த போட்டைக் காட்டி விளக்கினேன். தக்ஷாயினி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அப்பா, அப்ப நம்மட போட்டும் ஸ்போர்ட்ஸ் போட்தானே?" என்றாள். மீன் மணக்கிற ஸ்போர்ட்ஸ் போட் இந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். மறைத்து எழுத எனக்கு வராது. மகன் சித்தப்பா என்பான். அவனுக்கு உங்களை ஞாபகம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் முன்னுக்கு இருத்தி, கல்முனை றோட்டால் போகிற கார்களுக்கெல்லாம் பெயர் சொல்லிக் கொடுத்தீர்களாம். சின்னவளுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. கார்ப் புத்தகத்தை எழுதிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குள் ஒரு பயமும் இருக்கிறது. இந்தப் பைத்தியம் முற்ற முற்றப் பிள்ளைகள் உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று யசோதினியிடம் கேட்டேன். "அப்பிடியெண்டா எழுதாம விடுங்க" என்றாள். விடவும் மனமில்லை. புத்தகத்தை நிலத்தில் விரித்து, இரண்டும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டால் யாருக்கும் மனம் வராது. அந்தச் சந்தோசம் உங்களிடமிருந்து வந்தது. அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இத்துடன் இன்னும் பதினொரு கேள்விகள். ஏழாவது கேள்வி என்னுடையது, சிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
நிலோஜன்


ஸ்ருட்காட்
19.05.2024

அன்புத் தம்பி நிலோஜனுக்கு,

உங்கள் ஏழாவது கேள்விக்குச் சிரிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஹோர்ன் இருக்கிறது. வேகமாகப் போகிறவனுக்குத்தான் அது அதிகம் தேவை.

இன்றைக்கு நான் ஒன்று கேட்கப் போகிறேன். ஆவணியில் எனக்கு லீவு கிடைக்கும். மண்டூர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும், நான் பிறந்த ஊரைப் பார்த்து நாலு வருடத்துக்கு மேலாகிறது. கொழும்பில் ஒருவர் கலியாணங்களுக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு விடுகிறார். அதை எடுத்து வந்து, பிள்ளைகளை ஒரே ஒரு தடவை ஏற்றி ஓட விரும்புகிறேன். கேட்பதற்கு எனக்கு உரிமையில்லை. யசோதினி முடியாது என்றால் நான் நேரே மண்டூருக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவேன், உங்கள் வீட்டுப் படலையடிக்கும் வரமாட்டேன். நீங்கள் அவளை வற்புறுத்தவும் வேண்டாம்.

உதயரூபன்


செட்டிபாளையம்
16.06.2024

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு யசோதினி மூன்று நாள் அதை என்னிடம் தராமல் வைத்திருந்தாள். நானும் கேட்கவில்லை. நாலாம் நாள், மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "வரச் சொல்லுங்க. ஒரு நாள் மட்டும். ஆனா அவரு ஆரெண்டு சின்னவக்கிட்ட சொல்லப்படா. ஆசையக் காட்டிட்டு அவரு திரும்பவும் காணாமப் போனா, அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ற?"

அவள் சொல்வது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. உங்களுக்கு வலிக்கும் என்றும் தெரியும். சம்மதமென்றால் வாருங்கள். மகனுக்குச் சொல்லிவிட்டோம். தங்கச்சியிடம் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். கார் என்ன கார் என்று சொல்லாவிட்டால் சத்தியத்தை முறிப்பேன் என்றும் வெருட்டுகிறான், எழுதி விடுங்கள்.

நிலோஜன்


ஸ்ருட்காட்
15.09.2024

என் அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். யசோதினி கட்டித் தந்த கருவாட்டை இன்னும் பிரிக்கவில்லை. அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசாவிட்டாலும் அதைக் கட்டித் தந்தாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மண்டூருக்குப் போகும்போது குருமண்வெளியில், வாவியைக் கடக்கும் பாதைப் படகில் காரை ஏற்ற முடியாமல் அடிப்பக்கம் தட்டியதே, அப்போது நீங்கள் படகில் நின்ற அத்தனை பேரையும் கரைப்பக்கத்துக்கு வந்து நிற்கச் சொன்னீர்கள். பாரம் வந்ததும் படகின் அந்தப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது, கார் தட்டாமல் ஏறியது. இருபது வருடமாகக் காரோடு கிடக்கிறேன், அது எனக்குத் தோன்றியிருக்காது. நிதுர்ஷன் உங்களைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன். இனி அவன் உங்களிடம் கேட்பதை விடமாட்டான்.

காருக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். வழிகாட்ட நீங்கள் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனீர்கள். நேர் றோட்டு வந்ததும் "கொஞ்சம் அழுத்தட்டா மகன்?" என்றேன். "ஓம், ஓம்!" என்று துள்ளினான். உங்களை முந்தினேன். எஞ்சின் சத்தத்தில் இரண்டு பேரும் கூக்காட்டினார்கள். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன் என்று இருந்தது. அப்போது தக்ஷாயினி பின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தாள். நீங்கள் தெரியவில்லை. "மாமா, அப்பாவக் காணல்ல! நிப்பாட்டுங்க! அப்பாவ முந்தாதீங்க!" என்று குழறி அழத் தொடங்கிவிட்டாள்.

நிறுத்தினேன். நீங்கள் வந்து சேரும்வரை அவள் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அதன்பிறகு போக வரவும் உங்களுக்குப் பின்னாலேயே வந்தேன். ஏன் ஆமை மாதிரி ஓட்டினீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, றோட்டுச் சரியில்லை என்றேன். அது பொய்.

திரும்பி வரும்போது அவள், "மாமா, உங்களுக்குப் புள்ளையள் இரிக்கா?" என்று கேட்டாள். "ஓம், ரெண்டு பேர்" என்றேன். "அவங்களுக்கும் கார் விருப்பமா?" "உசிர்" என்றேன். நிதுர்ஷன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆனால் தம்பி, ஒரு மனிதன் கண்ணில் மறைந்தவுடன் என் மகள் அழுகிறாள். அப்படி ஒருவர் அவளுக்கு இருக்கிறார். நான் போட்டுவிட்டு வந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
உதயன் அண்ணன்


செட்டிபாளையம்
13.10.2024

அன்புள்ள அண்ணன்,

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். கோபமில்லை, முழுவதையும் வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை யசோதினி இரண்டு தரம் வாசித்தாள். இரண்டாம் தரம் வாசித்துவிட்டு வெளியே போய் நின்றாள். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்: "அந்தக் கார் மாமாதான் புள்ள உன்னப் பெத்த அப்பா." நான் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். சின்னவள் தலையை விடுவித்துத் தாயின் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்ப ஏன் அவரு சொல்லல்ல?" என்றாள். "நான்தான் சொல்ல வேணாமெண்டன். அவரு எண்ட சொல்லுக்கு நிண்டாரு" என்றாள் யசோதினி. உங்களைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பழைய பயம் எனக்குத் திரும்ப வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போக வெளிக்கிட்டேன். அவள் ஓடிவந்து வழக்கம்போல மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கிக்கு மேல் ஏறி இருந்துகொண்டு, "போவம் அப்பா" என்றாள். அவ்வளவுதான், என் பயம் அத்தோடு போய்விட்டது.

ஆகவே இனிப் பிள்ளைகளுக்கு நேரே எழுதுங்கள். அவர்கள் கேட்பதற்குப் பதில் என் பெயருக்கு வருவது சரியில்லை. உங்கள் கடிதங்கள் இல்லாமல் எனக்குக் கவலையாகத்தான் இருக்கும், மகன் வாசித்துக் காட்டுவான். இத்தனை நாளும் என்னை ஒரு ஆளாக மதித்து எழுதினீர்களே, அதற்கு நன்றி.

தக்ஷாயினி உங்களிடம் கேட்கச் சொன்ன முதல் கேள்வியை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "உங்கள நான் என்னெண்டு கூப்பிட?"

இதற்கு நான் பதில் சொல்வது சரியில்லை. யசோதினியும் அப்படித்தான் சொல்கிறாள். நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
நிலோஜன்