சந்தியாகு தலை குனிவதில்லை

காரைக்கால், 12-8-1956

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

சர்வேசுரன் தயவில் நானும் பிள்ளையும் சுகம். நீ உன் அம்மா வீட்டில் படுக்கையை விட்டு எழுந்து நாலு வாய் சாப்பிடுகிறாயா? அதை முதலில் எழுது.

போன ஞாயிறு பூசையில் மணியடித்ததும் சனமெல்லாம் தலை குனிந்தது. பெற்றவர் முகத்தையே பார்க்காத நம் சந்தியாகு, சாமியார் தூக்கிய நற்கருணை அப்பத்தைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றான். பின்னாலிருந்தவர், "பையன் தலையை அமுக்குங்க ஐயா, தேவ துரோகம்!" என்றார்.

சந்தேகம் வந்தால் கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. பூசை முடிந்ததும், "அது தப்பா சாமி?" என்றேன்.

சாமியார் சிரித்தார். "நீங்க பாக்கணும்னுதானே தூக்குறேன்? ஊரே குனிஞ்சுக்குது. அவன் ஒருத்தன்தான் பாக்குறான், விட்டுடுங்க."

இவன் நம் பாவத்துக்கு வந்த தண்டனை என்று நீ கோவிலுக்கே போவதில்லையாமே. எனக்கும் சில காலை கடை திறக்க மனம் வருவதில்லை. ஆனாலும் தண்டனை என்கிற அந்தச் சரக்கை நான் வாங்கமாட்டேன்.

கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே ஓடுகிறான். நீ எப்படி முடி வெட்டுவாய்? எழுது. முடிந்தால் வந்து வெட்டு.

இன்று பூசையில் நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என்ன பார்க்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குப் பிடிபடலாம். கடிதம் கொண்டுவருகிறவர் வாசலில் நிற்கிறார்.

உன்,
தொம்மை