கை ஒரு முழம் கீழே

ஜூன் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. றொசல்லயில் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். ஹட்டனுக்கு வந்து ஸ்டூடியோவில் உட்காரும்போதே இடுப்பு வலி.

தர்ஷினி பெரியபிள்ளையான சடங்கின் வீடியோ. அம்மா பரமேஸ்வரி அக்கா குவைத்தில், வீட்டு வேலை. போய் ஐந்து வருஷம். சடங்குக்கும் லீவு இல்லை. வெள்ளைச் சுவர் முன் பட்டுச்சேலையில் நின்று, மகளுக்கு அட்சதை போடுவதுபோல் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார். அவரை வெட்டியெடுத்து மகள் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

சடங்கில் எடுத்த கெமரா ஒரே ஆட்டம். ஆட்டத்தோடு அக்காவும் நகர வேண்டும், அதற்குத்தான் டிரெக்கிங். கம்பியூட்டர் பின்தொடர, குத்துவிளக்கு நுனியில் புள்ளி வைத்தேன். சாம்பிராணிப் புகை வந்ததும் நழுவி யாரோ ஒரு மாமாவின் மூக்கில் போய் உட்கார்ந்தது. அக்கா அந்தரத்தில் மிதக்கிறார்.

முதலாளி ராஜன் அண்ணன் எட்டிப் பார்த்து: "என்ன தங்கச்சி, பேயோட்டுறியா?"

ஜூன் 12, புதன்

எனக்கே குறிப்பு:
- விளக்கு வேண்டாம். புள்ளி, தர்ஷினி நிற்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள நாற்காலியின் பித்தளைக் குமிழில்.
- புள்ளியைச் சுற்றிய உள் பெட்டி சிறிது, அதைத் தேடும் வெளிப் பெட்டி பெரிது. ரொம்பப் பெரிதாக்கினால் கம்பியூட்டர் செத்துவிடும்.
- புகை வரும் இடம் மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால்.

நாலு மணிக்கு அக்காவின் கால் தரையில் நின்றது. சந்தோஷப்படத் தெம்பில்லை. அப்புறம்தான் கையைப் பார்த்தேன். மகளின் தலைக்கு வரவில்லை. அட்சதை நெஞ்சுக்கு நேரே விழுகிறது. கண்ணும் அங்கேதான். அக்காவின் அளவைக் கூட்டினால் பூதம்போல் வளர்கிறார். செட்டிங்கில் பிழையே இல்லை. அக்கா விட்டுப்போன எட்டு வயதுப் பிள்ளையின் தலை அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும்.

ஜூன் 13, வியாழன்

தர்ஷினிக்கு போன்.

"அஞ்சு அடி ரெண்டுக்கா. ஸ்கூல்ல அளந்தாங்க. அம்மாவ விட ஒசரம். நீங்க சொல்லிறாதீங்க, அது அழும்."

ராஜன் அண்ணன்: "மொகத்த மட்டும் காட்டு, கை தெரியாது. ஞாயித்துக்கெழம குடுக்கணும்."

செய்யலாம். ஆனால் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "என் கையால அட்சத விழணும்."

ஜூன் 14, வெள்ளி

வேலை செய்யும் வீட்டு மேடம் கடைக்குப் போன நேரம் அக்கா குவைத்திலிருந்து அழைத்தார்.

"நல்லா வந்திருக்கா தங்கச்சி?"

வெளிச்சம் போதவில்லை என்று முதலில் ஒரு பொய். பிறகு சொல்லிவிட்டேன்.

"அக்கா, கைய கொஞ்சம் மேல வைக்கணும். தர்ஷினி வளந்துட்டா."

அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கும் சத்தம்.

"எவ்ளோ மேல?"

"ஒரு மொழம் இருக்கும்."

"அவ்ளோவா?" சிரித்தாரா, தெரியவில்லை. "வைக்கிறேன். மேடம் வர்றாங்க."

திரும்பும் பஸ்ஸில் நூலகத்து நாவல். ஒரே பக்கத்தை மூன்று தடவை.

ஜூன் 15, சனி

வீடியோ வந்துவிட்டது. அதே சேலை. பக்கச் சுவரில் பிளாஸ்டர் துண்டு ஒட்டி உயரம் குறித்திருக்கிறார். முழங்கையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்து அட்சதை போடுகிறார். முதல் ஓட்டத்திலேயே பொருந்திவிட்டது. மகளின் உச்சியில் அம்மாவின் கை.

எனக்கு வேண்டியது ஆறு செக்கன். அக்கா இரண்டு நிமிஷம் எடுத்திருக்கிறார். அரிசி தீர்ந்தும் கையை இறக்கவில்லை. காற்றில் முடியை ஒதுக்குகிறார், காதோரம், பின்னலைத் தடவிக்கொண்டே நுனி வரை.

ராஜன் அண்ணன்: "மிச்சத்த வெட்டு தங்கச்சி."

வெட்டுக்கோடு ஆறாவது செக்கனில் நிற்கிறது. அந்த இடத்தில் விரல்கள் இன்னும் காதுக்குப் போய்ச் சேரவில்லை.