மேசைக்கு வந்த பலகை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்று காலை ஒரு மடத்தனம் செய்துவிட்டேன்.

உலக நாடுகள் வியாபாரம் பேசும் இந்த மண்டபத்தில் நாட்டுப் பெயர்ப் பலகைகளை வைப்பது என் வேலை. ஆறு வருடமாக நம் நாட்டுக்குச் சுவரோரம்தான் இடம். கேட்கலாம், பேசக்கூடாது, நம் வீட்டில் உங்களைப் போல. இந்த வருடம் ஓட்டுரிமையும் கொடுத்து மேசைக்கே அழைத்துவிட்டார்கள். நானோ பழக்கதோஷத்தில் பலகையைச் சுவரோரமே வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் அம்மா பல்லைக் கடித்தார். "இன்னொரு தப்பு நடந்தா ஊருக்கு மூட்டையைக் கட்டிடு. உங்க நாட்டுக்காரங்க வாசலுக்கு வந்தாச்சு, ஓடு."

ஓடிப்போய் மாற்றினேன். உள்ளே வந்த நம் அதிகாரி நேராகச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"ஐயா, இனிமே உங்க இடம் மேசையில."

"நெசமாவாம்மா?" என்றபடி எழுந்தார்.

என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. பழையதை உங்கள் சட்டை ஒன்றில் சுற்றி அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

சூப்பர்வைசர் அம்மா அறைக்குக் கூப்பிடுகிறார், அதனால் உங்கள் வாயாடி இத்துடன் முடிக்கிறாள். நம் அதிகாரி முதன்முதலாகப் பேச வாயைத் திறந்தபோது மைக் வேலை செய்யவில்லை. அதன் வயர் என் செருப்பில் மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் வந்திருந்தது.