பொங்க விடாமல் இறக்கிய ஜெலட்டின்

என் பிரியமான அத்தானுக்கு,

நம்ம கட்டி பாஸ் ஆகிவிட்டது! தாராவியில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கிக் குண்டு மனித உடம்பில் எப்படிப் பாயும் என்று பார்க்க, ஜெலட்டின் பொடியைக் கரைத்து உறைய வைத்த பெரிய கட்டியில் சுடுவார்கள். நவி மும்பையில் கோபர்கைரனே பக்கம் உள்ள ஒரு சோதனைக்கூடத்துக்கு அந்தக் கட்டியைச் செய்து தர என் அத்தான், அதாவது என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து, ஒப்புக்கொண்டிருந்தார். "குண்டு என்ன செய்யும்னு இதுல பாத்துட்டா, நாளைக்கு ஒரு மனுசன் தப்பிப்பாம்லா?" என்பார்.

ஆனால் நம் கட்டி ஒவ்வொன்றும் திரும்பித்தானே வந்தது அத்தான்? ரைஃபிளை எடுக்கும் முன் சின்ன ரவைக்குண்டு ஒன்றைச் சுட்டுப் பார்ப்பார்கள். அது அளவுக்கு மேல் உள்ளே போய்விடும். "கச்சா ஹை", பக்குவம் போதாது என்று ஒதுக்கிவிடுவார்கள். பொடியை மாற்றினீர்கள், ஐஸ்பெட்டியை மாற்றினீர்கள். கடைசியில் நெஞ்சுவலி வந்து நீங்களே போய்விட்டீர்கள். அந்தக் குறையோடா போனீர்கள்?

இன்னும் ஒரே தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று சோதனைக்கூடத்தில் சொன்னார்கள். நானும் உங்கள் தங்கை கனியும் நம் பட்டறை அடுப்பில் சட்டியை ஏற்றினோம். உங்களுக்குத்தான் எது அடுப்பில் ஏறினாலும் பொங்கி வழிய வேண்டுமே. வழியும்போது "பொங்கலோ பொங்கல்" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்துவீர்கள். நான் பொடி கரைந்ததுமே அடுப்பை அணைத்தேன்.

"ஏ மைனி, பொங்க விடலியா? அண்ணன் இருந்தா ஏசிருக்கும்."

"வருசம் திரும்பாத துக்க வீட்டுல என்னத்தட்டி பொங்க விடுதது? இறக்கு."

ரெண்டு பேரும் அழுதுகொண்டேதான் இறக்கினோம்.

சோதனைக்கூடத்தில் ரவைக்குண்டு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே சுட்டுப் பார்க்கிற மேடத்துக்கே நம்பிக்கை இல்லை. மறுபடி சுட்டார். மறுபடியும் அங்கேயே நின்றது.

"பாபி, இஸ் பார் க்யா கியா?" அண்ணி, இந்தத் தடவை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பொங்க விடவில்லை என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கொதித்தால் ஜெலட்டினுக்குப் பிடிமானம் போய்விடுமாம்! நாம் அதைப் பொங்க வைப்போம் என்று அவர்கள் கனவிலாவது நினைத்திருப்பார்களா?

"ஜெல்லிக்குப் பொங்கல் வச்ச ஒரே ஆளு எங்கண்ணன்தான் மைனி!" கனி சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு முதல் சிரிப்பு.

பிறகு ரைஃபிள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எங்களை நிற்க வைத்தார்கள். வெடிச் சத்தத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "மைனி, பாரு பாரு, துள்ளி உக்காருது!" என்று கனி உலுக்கினாள். திறந்து பார்த்தால் கட்டி உடையவில்லை. குண்டு போன வழி முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. உள்ளே குண்டு மூக்கு நசுங்கி நின்றது. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி எல்லாக் கட்டியும் நம் பட்டறையில்தான் அத்தான்!

வருசம் திரும்பியதும் வீட்டில் பானை வைப்பேன். பட்டறை அடுப்பில் மட்டும் கிடையாது. கோபமா?

வருகிற வாரம் அடுத்த கட்டியில் சுடுகிறார்கள். கண்ணை மூட மாட்டேன். குண்டு நுழைவதிலிருந்து நிற்கிறது வரைக்கும் பார்ப்பேன். நீங்கள் பார்க்காததையும் சேர்த்துப் பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள், உங்கள் வீட்டுக்காரி,
செல்லத்தாய்